டங்கிலியோஸ்டியஸ் தலை: தாடை மாட்டியாச்சு

தலைக் கவசத்தின் முன்பக்கத்தை விரலால் மெல்லத் தூக்கினால் கீழ்த்தாடை தானாக இறங்குகிறது. காகிதக் கூழில் செய்த மீன் தலைக்கு இதுவே அதிகம்தான். ஆனாலும் இங்கேயே நிறுத்த மனசு வரவில்லை.

செய்வது டங்கிலியோஸ்டியஸ் டெரல்லி. சுமார் 36 கோடி ஆண்டுகளுக்கு முன், டெவோனியன் காலக் கடைசியில் வாழ்ந்த வேட்டை மீன். 1867இல் அமெரிக்காவின் ஒஹாயோவில், ஈரி ஏரிக்கரையில் ஜே டெரல் இதன் எலும்புகளைக் கண்டெடுத்தார். தலையும் மார்பும் தடித்த எலும்புக் கவசம். பின்னுடம்பு பெரும்பாலும் குருத்தெலும்பு என்பதால் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சவில்லை.

மண்டையை மட்டும் செய்து சுவரில் மாட்டினால் பார்க்க நன்றாக இருக்கும், வாய்தான் திறக்காது. தலைக் கவசம் இரு பக்கமும் மார்புக் கவசத்தோடு கீல் போலப் பொருந்துகிறது. தலை மேலே போகும்போதே தாடை கீழே போகும். ஆய்வாளர்கள் ஆண்டர்சனும் வெஸ்ட்னீட்டும் 2007இல் போட்ட கணக்குப்படி, வாய் திறக்க ஆகும் நேரம் நொடியில் 50இல் ஒரு பங்கு. அந்த வேகத்தில் இரை தண்ணீரோடு உள்ளே இழுபடும். தாடை நுனியில் கடி விசை 4,400 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 450 கிலோ எடை.

ஆகவே மார்புத் தகடும் செய்தேன். கீலுக்கு சைக்கிள் போக்ஸ் கம்பி, அதற்கு உறையாகக் காலி ரீஃபில் குழாய். தாடையை இழுப்பது தூண்டில் நரம்பு (மீனுக்கே!), மூடுவது ரப்பர் பேண்ட்.

இதற்குப் பல் கிடையாது. தாடை எலும்பே கத்தி அலகு. மேலும் கீழும் உரசி உரசித் தானே கூர் ஏறும். எம்-சீலில் அலகைச் செய்து உப்புத்தாள் போட்டு, பெயிண்ட் அடித்து, வாயைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தேன். உரசும் இடத்தில் மட்டும் பெயிண்ட் உரிந்து, நூல் பிடித்ததுபோல் ஒரு கோடு. அதன்மேல் மறுபடி பெயிண்ட் அடிக்கப் போவதில்லை.

சுவரில் முழு உடம்பையும் சாக்பீஸால் வரைந்திருந்தேன். முன்பு 8 மீட்டருக்கு மேல் என்றெல்லாம் சொல்லிவந்தார்கள். 2023இல் வந்த ஆய்வாளர் எங்கெல்மனின் கணக்கு சுமார் 3.4 மீட்டர், மிஞ்சினால் 4.1. வாலைப் பாதி அழித்து, வயிற்றைப் பருமனாக்கினேன். குட்டையான, தடித்த மீன். எனக்கென்னவோ இதுதான் பிடித்திருக்கிறது.

இனி கண்ணைச் சுற்றி எலும்பு வளையம், நான்கு தகடுகள். நிறத்துக்கு டிகாக்‌ஷன் தடவிப் பார்த்தேன், வெளுத்துப் போகிறது. கறுப்பு அக்ரிலிக் கொஞ்சம் கலக்க வேண்டும்.