ஹோப்பி பானையைத் திருப்பிப் பாருங்கள்

அமெரிக்கப் பழங்குடியினரான ஹோப்பி மக்களின் மண்கலம் வாங்க நினைப்பவர்கள், மேலே இருக்கிற ஓவியத்தில் சொக்கிப் போவதற்கு முன் அதன் அடியைப் பாருங்கள். செய்தவர் பெயரோ சின்னமோ பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மக்காச்சோளக் கதிர் என்றால் நம்பேயோ என்ற குயவரின் வழிவந்தவர்களாக இருக்கலாம். தவளை என்றால் நவாசி குடும்பம், இறகு என்றால் ஹெலன் நாஹாவின் குடும்பம்.

அரிசோனாவில் ஃபர்ஸ்ட் மேசா என்ற மேட்டுநிலத்தில் வாழ்ந்த நம்பேயோ 1942இல் மறைந்தார். சிக்யாட்கி என்ற பாழடைந்த ஊரின் பழைய பானை ஓடுகளைப் பார்த்துப் பார்த்து அந்தப் பாணிக்கு மறுபடி உயிர் கொடுத்தவர் அவர். இன்று அங்கே பானை செய்கிறவர்களில் பலர் அவருடைய வாரிசுகள்.

என்னிடம் இருக்கும் ஜாடியைக் கையில் எடுத்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சக்கரம் கிடையாது, களிமண்ணைத் திரித்துச் சுருள் சுருளாக அடுக்கி எழுப்பி, வழவழப்பான கல்லால் தேய்த்திருக்கிறார்கள். யூக்கா என்ற செடியின் இலையில் செய்த தூரிகையால் இழுத்த கறுப்புக் கோடுகள் தலைமுடி அளவுக்கு மெல்லியவை. ஒரு பக்கம் வெண்ணெய் நிறம், மறுபக்கம் ஆரஞ்சு. ஆட்டுச் சாணத்தை மூட்டி வெட்டவெளியில் சுடும்போது நெருப்பு போட்ட நிறம் அது. மின்சூளையில் சுட்டால் இந்த ஏற்ற இறக்கம் வராது. எப்படிச் சுட்டது என்று தயங்காமல் கேளுங்கள்.

தயவுசெய்து பேரம் மட்டும் பேசாதீர்கள். பல நாள் உழைத்த பானை அந்தத் தீயிலேயே விரிசல் விட்டுப் போவதும் உண்டு.