பதினோரு துணிகள்

நுண்கலைக் கல்லூரியின் கடைசி வருடக் கண்காட்சி திறக்க ஒன்பது நாள் இருக்கும்போதுதான் கூடத்தின் சாவி எங்கள் கைக்கு வந்தது. அதுவரை காகிதத்தில் வரைந்த தரைப்படத்தை வைத்துக்கொண்டுதான் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். காகிதத்தில் எல்லாருக்கும் இடம் இருந்தது. உள்ளே போய் நின்றதும் முதலில் கண்ணில் பட்டது, படத்தில் இல்லாத ஒரு ஸ்விட்ச் போர்டு. நான் எனக்கென்று குறித்திருந்த சுவரின் நட்டநடுவில் இருந்தது.

நாங்கள் 17 பேர். ஒரு பெரிய கூடம், அதை ஒட்டி இரண்டு சிறு அறைகள். சட்டம் போட்டு ஆணியில் மாட்டக்கூடிய ஓவியம் செய்தவர்கள் நாலே பேர். மற்றவர்கள் வீடியோ, ஒலி, சுடாத களிமண், நூல், சுவரிலேயே நேராக வரையும் கரிக்கோடு என்று ஆளுக்கொரு பக்கம் போயிருந்தோம். கடைசி வருடத்தில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "களிமண் எங்கே?", "ப்ரொஜெக்டர் சாப்பிடப் போயிருக்கான்", "நூலைக் கேட்டியா?" என்பதுதான் பேச்சு. என்னை "சாவி" என்றார்கள்.

என் வேலை சயனோடைப். வெயிலால் நீலப் படம் எடுக்கும், 1842இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை. கட்டட வரைபடங்களைப் பல காலம் நீலத்தில் நகலெடுத்ததும் இதே வேதியியலில்தான். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்ற இரண்டு கரைசல்களைச் சம அளவில் கலந்து துணியில் பூசி, இருட்டில் உலர்த்தி, மேலே பொருளை வைத்து வெயிலில் காட்ட வேண்டும். வெயில் பட்ட இடம், தண்ணீரில் அலசியதும் நீலமாக நிற்கும். பொருள் மறைத்த இடம் வெள்ளையாகத் தங்கும். நான் வைத்த பொருள், பூட்டு தொலைந்துபோன சாவிகள். தெரிந்தவர்களின் மேஜை இழுப்பறைகளில் கிடந்தவை, பூட்டு ரிப்பேர் செய்பவர் ஒருவர் அள்ளிக் கொடுத்தவை, கல்லூரியில் ஒரு அட்டைப்பெட்டியில் யாரும் கேட்காமல் துருப்பிடித்துக்கொண்டிருந்தவை. 60 சென்டிமீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரத்தில் பன்னிரண்டு பருத்தித் துணிகள்.

மாட்டுவது பெரிய விஷயமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சுத்தத் தப்பு.

முதல் நாள் எங்களுக்கு மாட்டக் கற்றுக்கொடுத்தது பேராசிரியர்கள் இல்லை, கூடத்தின் டெக்னீஷியன் அண்ணாதான். சுவரில் 150 சென்டிமீட்டர் உயரத்தில் நூல் பிடித்து ஒரு கோடு போட்டார். ஒவ்வொரு படத்தின் நடுவும் இந்தக் கோட்டில் உட்கார வேண்டும், மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் எங்கே வேண்டுமானாலும் போகட்டும் என்றார். அப்புறம் கணக்கு. சட்டத்தின் உயரம் 80 என்றால் அதில் பாதி 40. 150உடன் கூட்டினால் 190, அது சட்டத்தின் உச்சி. பின்னால் கட்டிய கம்பியை விரலால் இழுத்துப் பிடித்தால் உச்சியிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறது? 8. அதைக் கழித்தால் 182. ஆணி அங்கே. இதை அவர் சொல்லும்வரை, படத்தைச் சுவரோடு சேர்த்து ஒருவர் பிடிக்க, இன்னொருவர் தூரத்தில் நின்று "கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே" என்று கத்துவதுதான் மாட்டும் முறை என்று நாலு வருடமாக நம்பிக்கொண்டிருந்தோம்.

கோணல் பார்க்கும் ரசமட்டத்தை அவர் யார் கையிலும் கொடுக்க மாட்டார். இரண்டாவது நாள் என்னிடம் கொடுத்தார். பட்டம் வாங்கியபோதுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை.

பக்கத்து வீட்டுத் தகராறுகள் அதற்குப் பிறகு ஆரம்பித்தன. ஸ்டுடியோவில் ஒவ்வொருவரும் தனித்தனி மூலையில் செய்தது. ஒரே கூரைக்குக் கீழே வந்ததும் ஒன்றின் மேல் ஒன்று வழியத் தொடங்கியது. சின்ன அறை ஒன்றில் பேச்சுக்குரல்களை அடுக்கிச் செய்த ஒலி நிறுவல். அடுத்த அறையில் ஒரே சுருதியில் நீண்டு அடிவயிற்றை உலுக்கும் ஒரு ட்ரோன் சத்தம். குரலுக்குக் கதவு போட்டால் ஓரளவு நிற்கும். தாழ்ந்த அதிர்வெண் சுவரையே அதிரவைத்துக்கொண்டு போகும். கம்பளம் விரித்தார்கள், ஸ்பீக்கருக்கு அடியில் ரப்பர் பாய் வைத்தார்கள், சத்தத்தைக் குறைத்தார்கள். குறைத்தால் வேலையே செத்துப்போகிறது என்று ட்ரோன்காரன் உட்கார்ந்துவிட்டான். கடைசியில் குரல்காரி ஹெட்ஃபோனுக்கு இறங்கிவந்தாள். எனக்கு இன்றுவரை அது நியாயமாகப் படவில்லை. சத்தம் போட்டவன் ஜெயித்தான்.

நூலின் கதை வேறு. கூடத்தின் குறுக்கே, தரையிலிருந்து கூரைவரை, நூற்றுக்கணக்கான சிவப்பு நூல்களை இழுத்துக் கட்டிக்கொண்டே போனாள். மூன்றாம் நாள் மாலை பார்த்தால் இரண்டு ஓவியங்களுக்குப் பக்கத்தில் போகவே வழியில்லை. கேட்டதற்கு பிரெஞ்சுக் கலைஞர் மார்சல் டூஷாம்பை இழுத்தாள். 1942இல் நியூயார்க்கில் நடந்த சர்ரியலிசக் கண்காட்சியில் அவர் கூடம் முழுக்க நூலைக் குறுக்கும் நெடுக்கும் கட்டி, மற்றவர்களின் ஓவியங்களைப் பார்ப்பதையே கஷ்டமாக்கினார் என்பது உண்மைதான். ஓவியக்காரர்களில் ஒருவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அந்தப் படங்களுக்கு மார்க் போட ஆள் வரலை. என் படத்துக்கு வராங்க." ஒன்றரை மீட்டர் வழி விட்டாள். நூலை அவிழ்க்க ஒரு ராத்திரி ஆயிற்று, நாங்களும் உட்கார்ந்து அவிழ்த்தோம்.

ப்ரொஜெக்டருக்குச் சண்டை போட ஆள் தேவைப்படவில்லை, கணக்கே போதுமாக இருந்தது. அவன் வாங்கி வந்த கருவியின் த்ரோ ரேஷியோ 1.5. அதாவது படம் ஒரு மீட்டர் அகலத்துக்கு விழ, கருவி ஒன்றரை மீட்டர் பின்னால் இருக்க வேண்டும். மூன்று மீட்டர் படம் வேண்டுமென்றால் நாலரை மீட்டர். அவனுக்குக் கிடைத்த இடத்தில் கருவி 3.6 மீட்டருக்கு மேல் பின்னால் போகாது. ஆக 2.4 மீட்டர் படம்தான். ஒரு நாள் முழுக்க யாருடனும் பேசவில்லை. மறுநாள் போட்டுப் பார்த்தால், அதே வெளிச்சம் சிறிய பரப்பில் விழுவதால் படம் ஒன்றரை மடங்குப் பிரகாசமாக இருந்தது. முதலிலேயே அப்படித்தான் திட்டமிட்டதாக, மார்க் போட வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னலிடம் சொன்னான்.

களிமண்தான் எங்களைப் பயமுறுத்தியது. சுடாத களிமண்ணில் சின்னச் சின்ன வீடுகள். மேலிருந்து சொட்டுச்சொட்டாகத் தண்ணீர். கண்காட்சி முடிவதற்குள் வீடுகள் கரைந்து சேறாக வேண்டும். சூளையில் சுட்டுவிட்டால் கரையாது, அதனால் சுடவில்லை. எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஆனால் தட்டின் ஓரத்தில் மயிரிழை அளவு விரிசல் இருந்திருக்கிறது. காலையில் வந்து பார்த்தால் சேற்றுத் தண்ணீர் ஒரு கோடாக ஓடிப் போய், பக்கத்து டிவியின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றிருந்தது. அண்ணா மெயினை அணைத்துவிட்டு வந்து திட்டிய திட்டு இங்கே எழுதக்கூடியதல்ல. அன்று மாலைக்குள் எல்லா எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஏறிவிட்டன.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

என் சுவருக்கு எதிரே ஜன்னல். மதியம் மூன்று மணியிலிருந்து வெயில் நேராகத் துணிகளின் மேல் விழும். வெயிலில் பிறந்த நீலம் வெயிலிலேயே வெளுக்கும். கொஞ்ச நாள் இருட்டில் வைத்தால் ஓரளவு திரும்பி வரும் என்றாலும் கண்காட்சி நடுவில் அதற்கு ஏது நேரம். ஜன்னலை அடைக்கலாமென்றால் பக்கத்துச் சுவரின் ஓவியக்காரிக்குப் பகல் வெளிச்சம் வேண்டும். கண்ணாடியில் ட்ரேசிங் பேப்பர் ஒட்டிச் சமாதானமானோம். இரண்டு பேருக்குமே முழுத் திருப்தி இல்லை.

ஆறாம் நாள், ஏணியை நகர்த்தும்போது தரையில் சரிந்து கிடந்த ஒரு துணியை யாரோ மிதித்துவிட்டார்கள். செருப்பின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. ராத்திரி பதினோரு மணி. பதற்றத்தில் என்ன செய்தேன் தெரியுமா? சோப்புத்தூள் போட்டு ஊறவைத்தேன். காரம் பட்டால் இந்த நீலம் நிற்காது என்று இரண்டு வருடமாக ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். பக்கெட்டில் கை விட்டுத் தூக்கியபோது ஓரத்திலிருந்து நிறம் போய்க்கொண்டிருந்தது. முதலில் ஊதா மாதிரி, அப்புறம் சாம்பல், அப்புறம் பழைய பேப்பர் மஞ்சள். செருப்பு அச்சு மட்டும் அழகாக அப்படியே இருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன், அப்புறம் சிரித்தேன். களிமண் வந்து, "என்னுடையதும் கரையத்தான் போகுது" என்றாள். ஆறுதலாம்.

புதிதாக ஒன்று செய்ய மறுநாள் வெயில் இல்லை. பதினொன்றுதான் தொங்கும். பத்து மீட்டர்ச் சுவர். பன்னிரண்டு துணிக்குப் போட்ட கணக்கில் இடைவெளி 21.5 சென்டிமீட்டர். பதினொன்றுக்கு 28.3. ஏற்கெனவே போட்ட துளைகள் அனைத்தும் வீண். பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, புதிதாகத் துளை போட்டேன். இதில் எதிர்பாராத லாபம், அந்த ஸ்விட்ச் போர்டு இப்போது ஒரு துணிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

லேபிள்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு என்பது வரிசை. அளவில் உயரம் முதலில், அகலம் அப்புறம். நாங்கள் பாதிப் பேர் அகலத்தை முதலில் எழுதி, எல்லாம் மறுபடி அச்சடித்தோம். ஊடகம் என்ற இடத்தில் "மிக்ஸ்ட் மீடியா" என்று எழுதியவர்களை மேடம் விடவில்லை. "என்னவெல்லாம் கலந்தாய் என்று உனக்கே தெரியாதா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. கலைஞர் குறிப்பு எழுதியதில் 17 பேரில் 12 பேர் "நினைவு" என்ற சொல்லைப் போட்டிருந்தோம். நான் இரண்டு தடவை. அடித்து அடித்து என்னுடையது நாலு வரிக்கு வந்தது, அதிலும் ஒரு வரி தண்டம்.

திறப்பு நாள் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாருக்கும் எதுவும் காதில் விழாது, எல்லாரும் படம் எடுத்துக்கொள்வார்கள். ஒரு டிவி மட்டும் மாலை திடீரென்று அணைந்தது. ப்ளேயரை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், பென்டிரைவை மாற்றினோம். கடைசியில் விஷயம், சில மணி நேரம் ரிமோட்டை யாரும் தொடாவிட்டால் தானாக அணைந்துவிடும் அமைப்பு அந்த டிவியில் இருந்தது. மெனுவுக்குள் போய் அதை நிறுத்த அரை நிமிடம். முதல் நாளே செய்திருக்கலாம்.

எக்ஸ்டர்னல் மறுநாள் வந்தார். என் துணிகளின் முன்னால் வெகுநேரம் நின்றார். வேதியியல் கேட்பார், சாவியின் குறியீடு கேட்பார் என்று தயாராக இருந்தேன். "ஏன் பதினொன்று?" என்றார்.

எண்ணுக்கு ஒரு தத்துவம் சொல்லிச் சமாளித்திருக்கலாம். வாயில் வந்தது சோப்புத்தூள் கதை. முழுதாகக் கேட்டார். "அந்தத் துணி எங்கே?" என்றார். பையில் மடித்து வைத்திருந்தேன், எடுத்து விரித்தேன். மஞ்சள் துணி, நடுவில் செருப்பு. அவர் அதைப் பற்றி நல்லதாகவும் எதுவும் சொல்லவில்லை, கெட்டதாகவும் சொல்லவில்லை. "பன்னிரண்டு இருந்திருந்தால் நெருக்கமாக இருந்திருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். மூன்று மாதம் யோசித்து முடிவு செய்த எண் அது. அவர் சொன்னது சரி என்பதுதான் எரிச்சல்.

பிரிக்கும் நாள்தான் உடம்புக்கு வேலை. மாட்ட ஒன்பது நாள், பிரிக்க ஒன்றரை நாள். சுவரைக் கிடைத்தபடியே திருப்பிக் கொடுக்க வேண்டும்: திருகாணியைக் கழற்று, துளைக்குள் செருகிய ரால் பிளக்கைப் பிடுங்கு, பட்டி பூசு, தேய், வெள்ளையடி. கரிக்கோடு தன் சுவரைத் தானே அழிப்பேன் என்று ரோலரை எடுத்தான். அமெரிக்கக் கலைஞர் சால் லெவிட் 1968 முதல் செய்த சுவர் வரைவுகள் பலவும் கண்காட்சி முடிந்ததும் வெள்ளையடிக்கப்பட்டவை. குறிப்புகள் கையில் இருப்பதால் வேறு சுவரில் வேறு ஆட்கள் மறுபடி வரையலாம். இவனிடம் குறிப்பும் இல்லை, ப்ரைமரும் இல்லை. கரி ரோலரோடு சேர்ந்து இழுபட்டுச் சுவர் முழுக்கச் சாம்பலாயிற்று. ஈரத்துணியால் துடைத்து, ப்ரைமர் அடித்து, அப்புறம் இரண்டு பூச்சு வெள்ளை.

துணிகளை நான் சுருட்டிக்கொண்டிருந்தபோது கூடத்தின் வாட்ச்மேன் வந்து நின்றார். கண்காட்சி நாட்களில் வாசலில் உட்கார்ந்திருந்தாரே தவிர, உள்ளே வந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. நான்காவது துணியில், இடப்பக்கக் கீழ் மூலையில் இருந்த ஒரு வெள்ளை நிழலின் மேல் விரலை வைத்தார். வளையத்தில் ஒரு பள்ளம், மூன்று பல், ஒன்று பாதி முறிந்தது. "இது மேல்மாடி ஸ்டோர் ரூம் சாவிம்மா. ஆறு வருஷமாத் தேடுறோம்."

சாவிகளை இருந்த டப்பாவோடு கொண்டுவந்து கொட்டினேன். நிழலை வைத்துப் பொருத்திப் பார்த்து எடுத்தோம். மாடிக்குப் போனோம், நூலும் ப்ரொஜெக்டரும் கூடவே வந்தார்கள். சாவி உள்ளே போயிற்று. திரும்பவில்லை. எண்ணெய் விட்டு ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம் என்று அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.