பழைய கணினிக்கு ரேம்: முதல்ல அளவு, அப்புறம்தான் வேகம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்க வாங்கிக் கொடுக்கும் பழைய ஆபீஸ் கணினிகளில், இன்டெலின் இரண்டாம் தலைமுறை ஐ5 பிராசசர், 4 ஜிபி ரேமோடு (கணினியின் தற்காலிக நினைவகம்) வருவதுண்டு. "1333 வேக ரேமைக் கழற்றிட்டு 1600 போடுங்க, பறக்கும்" என்று யாராவது சொன்னால் காசை வெளியே எடுக்காதீர்கள். அந்த ஐ5 ஏற்கும் வேகமே 1333தான். 1600 போட்டாலும் இறங்கி 1333இல்தான் ஓடும்.

திணறலுக்குக் காரணம் வேறு. ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்குக்குத் தள்ளுகிறது. 1333 ரேம் ஒன்றே நொடிக்கு 10 ஜிபிக்கு மேல் கொடுக்கும். பழைய டிஸ்க் 100 எம்பி கொடுத்தாலே பெரிசு. பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்ததும் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிவது இதனால்தான். 8 ஜிபி ஆக்குங்கள். ஒரே 8ஐ விட 4+4 நல்லது: ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவே உள்ள இரண்டு தடத்திலும் தரவு ஓடும், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிக்கு அது நிஜமாகவே உதவும்.

வாங்குமுன் டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைப் பாருங்கள்; மொத்தம் எத்தனை ஸ்லாட் (ரேம் செருகும் இடம்), அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று இருக்கும். விண்டோஸ் 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பயனில்லை, முதலில் 64 பிட்டுக்கு மாற்றுங்கள். நான்காம் தலைமுறை லேப்டாப்புக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வகை ரேம் மட்டும் கேளுங்கள்.

போட்டபின் திரை வராமல் பீப் அடித்தால் பயப்பட வேண்டாம். கரண்டைப் பிடுங்கி, ரேமைக் கழற்றி, தங்க நிற முனைகளை அழிப்பானால் மெல்லத் தேய்த்து, கிளிப் 'டக்' என்று பூட்டும்வரை நேராக அழுத்துங்கள்.