ஜெபம் மட்டும் போதாது, சேகரக் குழு அண்ணன்மாரே

செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை உலகத்தின் பல சபைகள் படைப்பின் காலமாக, அதாவது கடவுள் படைத்த பூமியைக் காக்க ஜெபித்துச் செயல்படும் காலமாக அனுசரிக்கின்றன. 1989-ல் கிழக்கு மரபுவழித் திருச்சபை தொடங்கிய ஒருநாள் ஜெபம்தான் இப்படி வளர்ந்தது. உலகத் திருச்சபைகள் மன்றம் 2014-லேயே நிலக்கரி, பெட்ரோலியக் கம்பெனிகளில் பணம் போடுவதில்லை என்று முடிவெடுத்தது. மறுவருஷம் போப் பிரான்சிஸ் பூமியைக் காக்கச் சொல்லி ஒரு சுற்றுமடலே எழுதினார். 2030-க்குள் நிகர பூஜ்ய கார்பன் (வெளியிடும் கார்பனை முடிந்தவரை குறைத்து, மிச்சத்தை ஈடுகட்டுவது) என்று இங்கிலாந்து திருச்சபை இலக்கு வைத்திருக்கிறது.

நாம்? அரசரடி இறையியல் கல்லூரி இருக்கிற மதுரை இது. சமூக நீதி நமக்குப் புதுசு இல்லை.

மே மாத வெயிலில் சித்தாள் வேலைக்குப் போகிற அக்காக்கள் நம் ஆராதனையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏசி, கார் எதுவும் இல்லாதவர்கள். பூமியைச் சூடாக்கும் புகையை விட்டது யாரோ, வெந்து சாவது இவர்கள். இதைப் பிரசங்க மேடையில் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

பல ஆலய வளாகங்களில் வேம்பை வெட்டிவிட்டு பேவர் பிளாக் பதித்திருக்கிறார்கள். (அழகு என்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.) பெய்கிற மழை நிலத்தில் இறங்காமல் சாக்கடைக்கு ஓடுகிறது, கோடையில் போர்வெல் காற்றைக் கக்குகிறது. அந்தக் கல்லைப் பெயர்த்தெடுங்கள், மரம் வையுங்கள், கூரையில் சோலார் போடுங்கள். அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டு வரும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம். அனல் மின்நிலையங்களைக் குறைக்கச் சொல்லி அரசுக்கு எழுதும் மனுவில் ஆயர்களும் கையெழுத்துப் போட வேண்டும்.

சபையை நிர்வகிக்கும் சேகரக் குழுவின் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை எழுத்தாகவே கொடுக்கப்போகிறேன். சேர்ந்து கையெழுத்திட விரும்புகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். எந்தச் சபையாக இருந்தாலும் சரி.