அளவுக்கல் நட்ட நாட்கள்

ஜூன் 4

எங்கள் வயலில் அளவுக்கல் நட்டுவிட்டுப் போனதிலிருந்து பழைய ரயில் கணக்குகளையே படித்துக்கொண்டிருக்கிறேன். இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று திறக்கப்பட்ட தடம் 60 மைலுக்குச் சற்று அதிகம். தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடும் ஸ்லீப்பர் கட்டைகள் ஒரு மைலுக்கு 1,760 முதல் 2,000 வரை தேவைப்பட்டன என்றால், இந்த ஒரு தடத்தின் கீழேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டைகள் கிடந்திருக்க வேண்டும். பெருக்கிப் பார்த்ததிலிருந்து உறக்கம் வரவில்லை.

ஜூன் 5

தபால் வரவில்லை.

ஜூன் 8

ரயில் கம்பெனிகளோடு போட்ட 1849ஆம் ஆண்டு ஒப்பந்தங்களின் விவரங்களைப் படித்தேன். லண்டன் பங்குதாரர்கள் போட்ட முதலுக்கு 5 சதவீத வட்டிக்கு அரசே உத்தரவாதம் தந்தது. நிலத்தையும் 99 ஆண்டுகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. ரயில் ஈட்டிய வருமானம் போதாதபோது விழுந்த துண்டை இந்திய வருவாயிலிருந்துதான் நிரப்பினார்கள். அந்த வருவாயில் பெரும்பங்கு நிலவரி. ரயிலைக் கண்ணால் கண்டிராத குடியானவன், அதில் பணம் போட்டவனுக்கு நட்டம் வராமல் பார்த்துக்கொண்டான். நிதி உறுப்பினராக இருந்த வில்லியம் மாசி 1872இல் அளித்த சாட்சியத்தில், உத்தரவாதம் உள்ளவரை தன் பணம் ஹூக்ளி ஆற்றில் கொட்டப்பட்டாலும் செங்கல்லாக மாறினாலும் முதலீட்டாளருக்கு ஒன்றுதான் என்ற பொருளில் கூறினார். கணக்கு தெரிந்தவர் வாயிலிருந்தே வந்ததால் இதை மிகைப்படுத்தல் என்று ஒதுக்க முடியவில்லை.

ஜூன் 9

மறுபடியும் கட்டைகள். 1850களில் சென்னை மாகாணத்தில் மட்டும் ஸ்லீப்பர்களுக்காக ஆண்டுதோறும் 35,000 மரங்கள் வெட்டப்பட்டன. போட்ட கட்டைகளும் சில ஆண்டுகளில் உளுத்துப்போகும் என்பதால், தடம் நீளாவிட்டாலும் வெட்டு நிற்காது. எஞ்சின்களுக்கு வேறு விறகு வேண்டும். மாகாணத்தின் காட்டுப் பாதுகாப்பு அதிகாரியாக (கன்சர்வேட்டர்) ஹ்யூ கிளெகார்ன் நியமிக்கப்பட்டதும் அதே 1856இல்தான். காட்டை அழிப்பவர்கள் என்று குற்றம் சாட்டி, காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் மலைமக்களின் ‘குமரி’ சாகுபடிக்கு 1860இல் தடை போட்டார்கள். ரயில்வேக்கு மரம் வெட்டிய ஒப்பந்தக்காரர்களுக்கு அத்தகைய தடை இல்லை. இது என்ன நியாயம்?

ஜூன் 12

வயலில் நட்ட கற்களுக்கு யாரோ புதிதாக மஞ்சள் பூசியிருக்கிறார்கள்.

ஜூன் 13

பம்பாய்க்கும் புணேவுக்கும் இடையே மலையைக் குடைந்து போட்ட போர் (Bhor) கணவாய் ரயில் பாதை 1863இல் திறக்கப்பட்டது, சுரங்கங்கள் 25. 1861இல் 40,000க்கும் மேற்பட்டோர் அங்கு வேலை செய்தனர்; பெண்களும் சிறுவர்களும் அவர்களுள் இருந்தனர். காலராவும் காய்ச்சலும் கொண்டுபோனவர்கள் பல்லாயிரவர். 1859இல் கூலிக்காகக் கலகமே மூண்டது.

ஜூன் 14

ரயில் வந்ததால்தானே பஞ்சத்தில் தானியம் வந்தது என்று அண்ணன் தொலைபேசியில் வாதிட்டார். வந்தது உண்மை; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1876–78 தாது வருடப் பஞ்சத்தில், விலை ஏறிய பக்கமெல்லாம் தானியத்தை இழுத்துச் சென்றதும் அதே தடங்கள்தான். 50 லட்சம் பேருக்கு மேல் மாண்டதாக மதிப்பிடப்படும் அந்த ஆண்டுகளில் ஏற்றுமதியும் நிற்கவில்லை. கையில் காசில்லாதவன் ஊருக்கு வந்திறங்கிய மூட்டையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பான். அண்ணன் பேச்சை மாற்றினார். எனக்கும் கோபம்தான்.

ஜூன் 17

நிலம் எடுப்பு நோட்டீஸ் வந்துவிட்டது. சர்வே எண் சரியாக இருக்கிறது. பரப்பைக் குறைத்து எழுதியிருக்கிறார்கள். வரப்போரத்துப் புளியமரங்கள் இரண்டும் பட்டியலில் இல்லை. நாளை அவற்றின் சுற்றளவை அளந்து, ஆட்சேபனை மனுவில் முதலில் மரங்களைத்தான் எழுத வேண்டும், நிலத்தைப் பிறகு