கூட வருவியாண்ணா

2023 மார்ச், ஹோலிக்கு நாலு நாள் முன்னாடி. தமிழ்நாட்டுல பீகார்காரங்கள வெட்டுறாங்க கொல்றாங்கன்னு வீடியோ சுத்துன அதே வாரம்தான். டிஜிபி சைலேந்திர பாபு அது பொய்னு சொல்லியாச்சு, பீகார்ல சட்டசபை வரைக்கும் சத்தம் போய் அங்கிருந்து அதிகாரிங்க டீமும் கிளம்பி வந்துட்டாங்க, ஆனா எங்க பனியன் கம்பெனில என் தையல் லைன்ல பாதி மெஷின் காலி. சனிக்கிழமை ஷிப்மென்ட்.

ஊருக்குப் போகாம இருந்தவங்கள்ல ஒருத்தன், ஓவர்லாக் மெஷின்ல ஓரம் தைக்கிற பீகார் பையன். டீ டைம்ல அவன் அம்மா வீடியோ கால். கை காலெல்லாம் காட்டச் சொல்லி அழுகுது அந்தம்மா, இவன் முழங்கை வரைக்கும் சட்டைய மடிச்சுத் திருப்பித் திருப்பிக் காட்டுறான், கையெல்லாம் பனியன் பஞ்சு. அப்புறம் போனை வச்சுட்டு எங்கிட்ட வந்தான். "அண்ணா, நிஜமா சொல்லு, ஒண்ணும் ஆகாதா?" "ஒண்ணும் ஆகாதுடா, நான் கியாரண்டி"ன்னேன். "அப்ப நைட்டு ரூம் வரைக்கும் கூட வருவியாண்ணா?"

நான் சிரிச்சுட்டேன். வேன் சொல்றேன்னு சொன்னேன், சொல்லல.

எனக்கும் காலைல எட்டரைல இருந்து நைட்டு எட்டரை வரைக்கும் ஒன்னரை ஷிப்ட், வீட்ல சின்னக் குழந்தை, இவன் ரூம் எதிர்த்திசைல. நான் சொன்னதும் பொய்யில்லையே, அவனுக்கு ஒண்ணும் ஆகலையே. இப்படி எனக்கு நானே நிறைய தடவ சொல்லிருக்கேன். ஆனா அந்த கியாரண்டிய அவனுக்காகக் கொடுத்தேனா சனிக்கிழமைக்காகக் கொடுத்தேனான்னு கேட்டா வாய் அடைச்சுப்போகுது.

இன்னொண்ணும் இருக்கு. அந்த ஜனவரில டீக்கடைத் தகராறுல வடநாட்டுப் பசங்க நம்ம ஆளுங்களத் துரத்துற வீடியோ வந்துச்சே, அத எங்க தெரு குரூப்ல போட்டவங்கள்ல நானும் ஒருத்தன். "பாத்துக்கோங்க"ன்னு ஒரு வரி வேற. அப்ப அது எச்சரிக்கைன்னு நெனச்சேன். அங்க அவன் அம்மாவுக்கு அனுப்புனவனும் அப்படித்தான நெனச்சிருப்பான்.

போலீஸ் ரோந்து, ஹெல்ப்லைன் எல்லாம் வேணும்தான், இல்லன்னு சொல்லல. ஆனா யாரும் யாரையும் தொடாமயே பாதி லைன் காலியாச்சு, பசங்களுக்குக் கூலி போச்சு, எங்களுக்கு சரக்கு ஒரு நாள் லேட். பத்து வருஷமா ஒரே கூரைக்குக் கீழ தைக்கிறோம், அவன் ரூம் எந்த சந்துலன்னு எனக்குத் தெரியாது. ஒருவேளை தெரிஞ்சிருந்தாலும் போயிருக்க மாட்டேனோ என்னவோ.

ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி அந்தம்மா கால் பண்ணுச்சு. இவன் போனை என் பக்கம் திருப்பி ஹிந்தில என்னமோ சொன்னான், அந்தம்மா கை கூப்புச்சு. என்னடா சொன்னேன்னு கேட்டேன். "டெய்லி நைட்டு ரூம்ல விடுற அண்ணா இவர்தான்னு சொன்னேன்."

நானும் கை கூப்புனேன்.