பந்து போய்ச் சேரும் இடம்

2018 ஏப்ரலில் அமெரிக்கக் கால்பந்து அணியான பஃபலோ பில்ஸ், பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கான ஜாஷ் ஆலனை டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் நிகழ்வில், ஏழாவது வீரராகத் தேர்ந்தெடுத்தபோது, மேற்கு நியூயார்க்கில் குடியிருக்கும் என்னைப் போன்ற ரசிகர்களுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். அவருடைய தோள்வலிமையில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் வயோமிங் பல்கலைக்கழகத்துக்காக அவர் எறிந்த பாஸ்களில் நூற்றுக்கு 56 மட்டுமே சக வீரரின் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. தொழில்முறை லீக்கான என்எஃப்எல் ஆட்டங்களில் அந்த விகிதம் முதல் ஆண்டு 52.8ஆக இறங்கி, 2019இல் 58.8ஆகி, 2020இல் 69.2ஐத் தொட்டது. "குறி தவறுகிறவர் என்றீர்களே, இப்போது என்ன சொல்கிறீர்கள்?" என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடியதில் எனக்கு உறுதிப்பட்டது இது: எறிந்த பாஸ்களில் பிடிக்கப்பட்டவற்றின் சதவீதமான கம்ப்ளீஷன் விகிதம் என்பது எறிபவரும் பிடிப்பவரும் சேர்ந்து வாங்கும் மதிப்பெண், அதை எறிபவர் ஒருவருடைய கணக்கில் எழுதிவைப்பதால்தான் குவார்ட்டர்பேக்குகளைப் பற்றிய நம் தீர்ப்புகள் இவ்வளவு அடிக்கடி பிழையாகின்றன.

அந்த விகிதம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைப் பார்த்தாலே அதன் குறை தெரிந்துவிடும். எதிரணியினர் நெருங்கிவிட்டதால் இழப்பைத் தவிர்க்க வேண்டுமென்றே கோட்டுக்கு வெளியே வீசிய பந்து, கடிகாரத்தை நிறுத்துவதற்காகத் தரையில் அடித்த பந்து, பாஸைப் பிடிக்க ஓடும் ரிசீவரின் நெஞ்சில் பட்டு நழுவிய பந்து ஆகிய எல்லாமே தவறிய பாஸ்கள்தான். மறுபக்கம், பக்கத்திலேயே நிற்பவரிடம் தட்டிவிடும் பாஸுக்கும் நாற்பது யார்டு தாண்டிப் போகும் பாஸுக்கும் மதிப்பு ஒன்றே. 2016இல் மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் சாம் பிராட்ஃபோர்ட் 71.6 விகிதத்தை எட்டினார். அதுவரை எவரும் அந்த உயரத்தைத் தொட்டதில்லை. அந்த ஆண்டு அவருடைய அணி எட்டு ஆட்டங்களில் வென்று எட்டில் தோற்றது. அவர் துல்லியமாக எறியக்கூடியவர்தான். ஆனால் அவரைக் காக்க வேண்டிய முன்வரிசை காயங்களால் குலைந்திருந்தபடியால், பந்தை விரைந்து அருகில் இருப்பவரிடம் கொடுத்துவிடுவதே அவருக்குப் பெரும்பாலும் வழியாக இருந்தது.

துல்லியம் என்றால் என்ன என்பதை நான் கண்ணால் கண்டது 2019 கோடையில். பில்ஸ் அணி அப்போது ராச்செஸ்டரை அடுத்த செயின்ட் ஜான் ஃபிஷர் கல்லூரி வளாகத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தது. பொதுமக்களும் போய்ப் பார்க்கலாம். நான் கயிற்றோரம் நின்றிருந்த இடத்துக்கு எதிரே ரிசீவர்கள் வரிசையாக 'ஸ்லான்ட்' ஓடினார்கள். நேராக மூன்று எட்டு வைத்து, சட்டென்று உள்பக்கமாகச் சாய்ந்து வெட்டித் திரும்புவது அந்த ஓட்டம். ஒருவருக்கு வந்த பந்து அவருடைய மார்புக்கு ஒரு முழம் முன்னால் வந்தது. கைகளை நீட்டி வாங்கிக்கொண்டு அவர் அப்படியே போய்விட்டார், பாதங்களின் தாளம் மாறவே இல்லை. அடுத்தவருக்கு வந்த பந்து இடுப்புக்குப் பின்னால் விழுந்தது. அவர் உடம்பை முறுக்கி, ஒரு கையால் அதைத் தடுத்து, மறுகையால் விலாவோடு அணைத்து, இரண்டு எட்டு தடுமாறி நின்றார். புள்ளிவிவரத் தாளில் இரண்டும் பிடிக்கப்பட்ட பாஸ்களே. உண்மையான ஆட்டத்தில் முதலாமவர் இருபது யார்டு ஓடியிருப்பார். இரண்டாமவர் நின்ற இடத்திலேயே விலாவில் மோதல் வாங்கியிருப்பார். அன்றிலிருந்து, ஒளிப்பதிவைப் பார்க்கும்போதெல்லாம் பந்து கையில் படும் நொடியில் நிறுத்தி, முதலில் ரிசீவரின் கால்களைத்தான் பார்க்கிறேன்.

இப்படிப் பார்க்கத் தொடங்கினால், சுமாரான பந்தையும் நல்ல பந்தாக்கிவிடும் ரிசீவர்களின் அருமை விளங்கும். ஸ்டெஃபான் டிக்ஸ் அத்தகையவர். 2018 ஜனவரி 14 அன்று நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் பத்தே விநாடிகள் மிச்சமிருந்தபோது, வைக்கிங்ஸ் அணியின் கேஸ் கீனம் எறிந்த பந்து எல்லைக்கோட்டை ஒட்டி உயரமாக வந்தது. டிக்ஸ் எம்பிப் பிடித்து, இறங்கும்போது ஒரு கையைத் தரையில் ஊன்றிச் சமாளித்து, பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் கொண்டுசேர்த்து 61 யார்டு டச் டவுனாக முடித்தார். எறிந்தவரின் துணிவு மெச்சத்தக்கது. ஆனால் அந்தப் பந்தை அங்கே பிடித்து, கோட்டுக்கு உள்ளேயே காலை நிறுத்தியது டிக்ஸின் உடம்பு. அந்தப் பருவத்தில் டிக்ஸும் ஆடம் தீலனும் இருபுறமும் ஓட, கீனமின் விகிதம் 67.6. மறு ஆண்டு டென்வருக்குப் போனார், 62.3. அவருடைய தோள் அதற்குள் மாறிப்போயிருக்கும் என்று நான் நம்பவில்லை.

குவார்ட்டர்பேக் டாம் பிரேடிக்கும் இதுவே நடந்தது. 2006இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி ரிசீவர் டியான் பிராஞ்சை சியாட்டிலுக்குக் கொடுத்துவிட்டு, பெரிதாக அறியப்படாத ரிசீவர்களோடு ஆடியபோது பிரேடியின் விகிதம் 61.8, டச் டவுன் பாஸ்கள் 24. 2007இல் ராண்டி மாஸும் வெஸ் வெல்கரும் வந்து சேர, விகிதம் 68.9 ஆனது, டச் டவுன்கள் 50 ஆயின. லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் பௌலை ஏற்கெனவே மூன்று முறை வென்றிருந்த மனிதர் அந்த ஒரு கோடையில் குறிபார்க்கக் கற்றுக்கொண்டார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அப்படியிருக்க, இளம் வீரர் ஒருவருக்கு மட்டும் அதே கணக்கை ஏன் மறுக்கிறோம்?

ஆலனுக்குத் திரும்புகிறேன். 2018இல் பில்ஸ் அணியில் அதிகம் பிடித்த சே ஜோன்ஸ் பிடித்தவை 56. 2020 மார்ச்சில் முதல் சுற்றுத் தேர்வு உரிமையையும் விட்டுக்கொடுத்து டிக்ஸை வாங்கினார்கள். அந்த ஆண்டு அவர் 127 பாஸ்களைப் பிடித்து 1,535 யார்டுகள் சேர்த்தார், இரண்டிலும் லீக்கில் முதலிடம். ஆனால் எல்லாப் புகழையும் டிக்ஸிடம் கொடுத்துவிடவும் மனம் ஒப்பவில்லை. கோல் பீஸ்லியும் ஜான் பிரௌனும் 2019இலேயே அணியில் இருந்தார்கள். அப்போது விகிதம் 58.8தான். ஆட்டமில்லாத மாதங்களில் ஆலன் தன் கால்வைப்பையும் இடுப்புத் திருப்பத்தையும் பயிற்சியாளர்களோடு உட்கார்ந்து சீர்செய்துகொண்டது ஊரறிந்த செய்தி. பழைய ஒளிப்பதிவுகளில் அவருடைய முன்கால் எங்கோ ஊன்றியிருக்க, பந்து ரிசீவரின் தலைக்கு மேலே பறக்கும்; எவர் எம்பினாலும் எட்டாது. பிற்காலத்தில் அவர் தவறவிட்ட பந்துகள் பெரும்பாலும் தாழ்வாகவோ வெளிப்புறமாகவோ போனதைப் பார்த்தேன். எதிராளிக்கும் அவை கிட்டவில்லை. தவறும் விதமே மாறியதுதான் அவர் உண்மையில் தேர்ந்துவிட்டார் என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் சான்று.

2021இல் அதே டிக்ஸ் இருந்தும் விகிதம் 63.3ஆகக் குறைந்தது. அதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. காற்றும் அதில் சேரும். அந்த டிசம்பர் 6 அன்று பில்ஸ் அணியின் மைதானம் இருக்கும் ஆர்ச்சர்ட் பார்க்கில் அடித்த காற்றில் பேட்ரியட்ஸ் அணி மொத்தமே மூன்று பாஸ்கள் எறிந்து 14-10 என்று வென்றது. ஆலன் எறிந்த முப்பதில் பதினைந்து கைக்குப் போயின. அந்த ஐம்பது சதவீதத்தை வெயிலிலோ கூரைக்கு அடியிலோ எறிந்த ஐம்பதோடு ஒப்பிடுவது அநியாயம்.

இப்போது வீரர்களின் தோள்கவசத்திலும் பந்திலும் சில்லு பொருத்தி, ரிசீவருக்கும் எதிராளிக்கும் இடையே இருந்த இடைவெளி, பந்து கடந்த தூரம், எறிந்தவருக்கு இருந்த நெருக்கடி ஆகியவற்றை அளந்து, இந்த பாஸ் பிடிக்கப்படுவதற்கு எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்று லீக்கே கணக்கிடுகிறது. எதிர்பார்த்ததைவிட ஒருவர் எவ்வளவு கூடுதலாக முடித்தார் என்னும் அந்த அளவை வெறும் விகிதத்தைவிட மிக மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், ஒரு முழம் முன்னால் வந்த பந்தையும் இடுப்புக்குப் பின்னால் வந்த பந்தையும், பிடித்தாகிவிட்டது என்றால் அது ஒன்றாகவே எண்ணுகிறது. ஆகவே அந்த எண்ணைப் பார்த்த பிறகும் ஒளிப்பதிவைப் பார்க்கிறேன்.

2024 ஏப்ரலில் டிக்ஸ் ஹியூஸ்டனுக்குப் போய்விட்டார். அந்தப் பருவத்தில் பில்ஸ் ரிசீவர் எவரும் ஆயிரம் யார்டுகளைத் தொடவில்லை. ஆலனின் விகிதம் 63.6, எதிரணி பறித்த பாஸ்கள் ஆறே ஆறு, அந்த ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. அணியில் அதிகம் பிடித்த கலீல் ஷகீர் 76 பாஸ்களில் 821 யார்டுகள் எடுத்தார். அவற்றில் பெரும்பகுதி பந்து கைக்கு வந்த பிறகு ஓடியெடுத்தவை. எதிராளியை ஏமாற்றி ஓடிய திறமை முழுக்க ஷகீருடையது. ஆனால் அந்த ஸ்லான்ட் பாஸ்களை நிறுத்திப் பாருங்கள்: பந்து அவருடைய மார்புக்கு முன்னால் வருகிறது, கைகள் நீள்கின்றன, கால்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன.